கடைமடைக்குத் தண்ணி போகுதா?

என் அப்பா 31 வருடம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். பெரியாறு பிரதானக் கால்வாயில், மேலூர்ப் பக்கம். லஸ்கர் என்றால் என்ன வேலை என்று இப்போது பல பேருக்குத் தெரிவதில்லை. மதகைத் திறப்பது, மூடுவது, கரையோடு நடந்து எங்காவது உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கு வைப்பது, இதெல்லாம் அவர் வேலை. எங்கள் பகுதி கடைமடை. வைகை ஆற்றில் இருக்கும் பேரணையில் பிரிகிற தண்ணீர் வழியில் இருக்கும் எல்லா வயலையும் தாண்டித்தான் எங்களுக்கு வந்து சேர வேண்டும். சில வருடம் வரும், சில வருடம் வராது. அதனாலேயே எங்கே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாலும் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார். “கடைமடைக்குப் போகுதா?”

இந்த ஜூன் மாதம் அப்பா, அம்மா, என் கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லோருமாகப் பெரு நாட்டுக்குப் போய் வந்தோம். காரணம் என் மகளுடைய பள்ளி வேலை. ஆறாம் வகுப்பில், ஸ்பானியர்கள் வருவதற்கு முன் பெருவை ஆண்ட இன்கா மக்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காணொளியில் கல்லில் செதுக்கிய வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஹியூஸ்டனில் எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்த அப்பா, செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டு, “இது எந்த வருசத்து வாய்க்கா?” என்று கேட்டார். 500 வருடத்துக்கு மேல் இருக்கும், இன்னும் ஓடுகிறது என்றாள் அவள். “கவருமெண்டு பராமரிக்குதா, ஊர்க்காரங்களா?” அவளுக்குத் தெரியவில்லை. “நேர்ல பார்த்தாத்தான் தெரியும்” என்றார் அப்பா.

என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அன்று ராத்திரியே நான் விமான டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும். இன்காக்களின் தலைநகரமாக இருந்த குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லிமாவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடுவார்கள். உடம்பு அந்த மாற்றத்தை உடனே ஏற்காது. தலைவலி, குமட்டல், மூச்சு வாங்கல், இதற்கு அங்கே ‘சொரோச்சே’ என்று பெயர். மலை உச்சியில் இருக்கும் புகழ்பெற்ற இன்கா ஊரான மச்சு பிச்சுவே குஸ்கோவைவிடத் தாழ்வு, சுமார் 2,430 மீட்டர்தான். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினோம். குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் நேராக வண்டி பிடித்து உருபாம்பா பள்ளத்தாக்குக்குக் கீழே போய்விட்டோம். ஒயாந்தாய்தாம்போ என்ற ஊரில் இரண்டு நாள். அது 2,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இரண்டு நாள்தான் எங்களைக் காப்பாற்றியது. விடுதியில் போனதும் வந்ததும் கோக்கா இலைத் தேநீர் கொடுத்தார்கள். கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார் அம்மா, ஆனாலும் மூன்று வேளையும் குடித்தார்.

ஒயாந்தாய்தாம்போவை இடிபாடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்கா காலத்தில் போட்ட தெருக்களில் இன்றைக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. அடியில் பெரிய பெரிய இன்காக் கற்கள், அதற்கு மேல் மண் செங்கல் சுவர், அதற்கும் மேல் ஓடு. வாசலில் ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறுகிய தெருக்களின் ஓரமாகக் கல் வாய்க்கால் ஓடுகிறது. ஓடை மாதிரிச் சத்தம். ராத்திரி படுத்தால் ஜன்னல் வழியாக அந்தச் சத்தம்தான் கேட்கும். முதல் நாள் விடியற்காலை நான் எழுந்து பார்த்தபோது அப்பா படுக்கையில் இல்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். தலையில் கம்பளித் தொப்பியும் உடம்பில் என் கணவருடைய ஸ்வெட்டருமாகத் தெருமுனையில் வாய்க்காலை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாட்டம் பாத்தியா தாயி? தெருவுக்குத் தெரு சரியா இறக்கியிருக்கான். ஓட்டமும் இருக்கு, அரிப்பும் இல்ல.”

வாட்டம் என்றால் சரிவு. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது.

அந்த ஊரின் மலைச்சரிவில் இருக்கிறது கோட்டை. பதினேழு பதினெட்டுத் தட்டுகளாகச் சுவர் கட்டி மேலே போகிறது. உச்சியில் சூரியன் கோயிலுக்காக நிறுத்திய ஆறு பெரிய கற்கள், இளஞ்சிவப்பு நிறம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர் மலையில் இருக்கிற கச்சிகாத்தா கல்குவாரியிலிருந்து கொண்டுவந்தவை. அதாவது ஒரு மலையிலிருந்து கல்லை இறக்கி, ஆற்றைக் கடத்தி, இன்னொரு மலையில் ஏற்றியிருக்கிறார்கள். இரும்புக் கருவி கிடையாது, சக்கர வண்டி கிடையாது, மாடு கிடையாது. லாமா இருந்தது, அதனால் இவ்வளவு பாரம் இழுக்க முடியாது. வழியிலேயே நின்றுபோன கற்கள் இன்றும் அங்கங்கே கிடக்கின்றன. அவற்றைக் ‘களைத்துப்போன கற்கள்’ என்கிறார்கள் ஊர்க்காரர்கள். ழான் பியர் புரோட்சன் என்ற கட்டடக் கலைஞர் ஒயாந்தாய்தாம்போவிலும் அக்கம்பக்கத்துக் குவாரிகளிலும் பல வருடம் ஆராய்ந்து, ஆற்றில் கிடக்கும் கடினமான உருண்டைக் கல்லையே சுத்தியலாக வைத்துத் தட்டித் தட்டி இந்த மாதிரி முகம் எடுக்க முடியும் என்று தானே செய்து காட்டினார். இதை என் மகனுக்குச் சொன்னேன். ஏழு வயது. அவனுக்கு வேற்றுக்கிரகவாசி கதைதான் பிடித்திருந்தது, யாரோ பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதை எனக்குக் கோபத்தைக் கிளப்பும். உள்ளங்கை காய்த்துப்போன மனிதர்கள் செய்த வேலையை அவர்களிடமிருந்து பிடுங்கி வானத்துக்குக் கொடுப்பது என்ன நியாயம்? குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து அவன் கையில் வைத்து, தெருவோரத்தில் கிடந்த இன்னொரு சாதாரணக் கல்லைத் தட்டச் சொன்னேன். பத்து நிமிடம் தட்டினான். ஒரு மூலை மழுங்கியது. அதற்கப்புறம் வேற்றுக்கிரகவாசி பேச்சு வரவில்லை.

இந்த இடத்தில் 1537ஆம் வருடம் நடந்த சண்டையைப் பற்றி வழிகாட்டி சொன்னார். முந்தின வருடம், ஸ்பானியர் கையில் இருந்த குஸ்கோவை முற்றுகையிட்டிருந்த இன்கா அரசன் மான்கோ இன்கா இங்கே வந்து நிலைகொண்டிருந்தான். ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோ குதிரைப் படையோடு வந்தான். மேலே இருந்து அம்பும் கல்லும் பொழிந்ததோடு, இன்காக்கள் வாய்க்கால்களைத் திருப்பிக் கீழே இருந்த சமவெளியை வெள்ளக்காடாக்கிவிட்டார்கள். குதிரைகள் சேற்றில் சிக்கின. ஸ்பானியர்கள் பின்வாங்கி ஓடினார்கள். நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரு மதகுதான். தெறந்து விட்டா போதும்” என்றார். இரண்டு ஊர்க்காரர்கள் முறைத் தண்ணீருக்காக அடித்துக்கொள்ளத் தயாராக நின்ற ஒரு ராத்திரி, மதகுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விடியும்வரை மதகின் மேலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். தண்ணீரைத் திறந்துவிடுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு அந்த ஊரில் பிடித்தது எதிர் மலை. பிங்குய்யூனா என்று பெயர். செங்குத்தான சரிவில், ஏறவே முடியாது போல இருக்கும் இடத்தில், நீள நீளமாகக் கல் கட்டடங்கள் தெரியும். அவை இன்காக்களின் தானியக் கிடங்குகள், ‘கோல்கா’. மலை மேல் காற்றும் குளிரும் இருப்பதால் பண்டம் கெடாது. மக்காச்சோளம், கீன்வா, அப்புறம் ‘சுன்யோ’ என்கிற காய்ந்த உருளைக்கிழங்கு இந்த மாதிரிக் கிடங்குகளில்தான் இருந்தன. உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைக்கிறார்கள். பல வருடம் கெடாது. வழிகாட்டி பாதி சொல்லும்போதே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “வத்தல் போடுறாங்க” என்றார். சந்தையில் கால் கிலோ சுன்யோ வாங்கிக்கொண்டார். அவித்த மக்காச்சோளமும் பாலாடைக் கட்டியும் விற்ற பெண்மணி ஒவ்வொரு மணியும் மொச்சைக்கொட்டை பருமன் இருக்கிற கதிரை அம்மா கையில் கொடுத்தார். அம்மா பையிலிருந்து பருப்புப்பொடி டப்பாவை எடுத்து அவர் கையில் கொஞ்சம் போட்டார். அவர் நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மச்சு பிச்சு.

ஒயாந்தாய்தாம்போவிலிருந்து ரயில், அப்புறம் ஆகுவாஸ் கலியந்தேஸ் என்ற ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்து. வாசலில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்த காவலர், எங்கள் டிக்கெட் முதல் சுற்றுக்கு என்றார். இப்போது மச்சு பிச்சுவில் நினைத்த இடத்துக்கெல்லாம் போக முடியாது. மூன்று சுற்றுகள் வைத்திருக்கிறார்கள். முதல் சுற்று மேல் தட்டுகளோடு நின்றுவிடும், ஊருக்குள் இறங்காது. நாங்கள் பயண முகவரிடம் கேட்டது ஊருக்குள் போகும் சுற்று. நீரூற்றுகளைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை எழுதியிருந்தேன். அன்றைக்கு மாற்று டிக்கெட் எதுவும் இல்லை. ஜூன் மாதத்தில் எல்லாம் முன்கூட்டியே விற்றுப்போய்விடும். இவ்வளவு தூரம் அழைத்துவந்து அப்பாவை வாசலோடு நிறுத்துகிறோமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன்பே டிக்கெட்டில் சுற்று எண்ணையும் நேரத்தையும் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அப்பா என் தோளைத் தட்டினார். “மேல நின்னு பார்த்தாத்தான் வாய்க்கா வெட்டுனவன் புத்தி தெரியும். நட.”

மேலே ஏறினோம். மேகம் மூடியிருந்தது. இருபது நிமிடம் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அப்புறம் யாரோ போர்வையை இழுத்த மாதிரி மேகம் விலகியது. கீழே அந்த ஊர், பின்னால் வைனா பிச்சு மலை, மூன்று பக்கமும் சுழித்துக்கொண்டு போகும் உருபாம்பா ஆறு. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். படங்களில் நூறு முறை பார்த்த இடம்தான். ஆனால் அந்த மலைகள் எவ்வளவு செங்குத்து, ஊர் எவ்வளவு விளிம்பில் இருக்கிறது என்பதை எந்தப் படமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். “இங்க மழை எம்புட்டுப் பேயும்?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே படித்துக்கொண்டு போயிருந்தேன். வருடத்துக்கு 1,950 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது, எங்கள் மதுரைப் பக்கம் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். “அப்ப இந்த ஊரு சரிஞ்சு ஆத்துல கெடக்கணுமே. தண்ணி எங்கிட்டு வடியுது?”

கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளர் 1990களில் தன் குழுவோடு வந்து இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்கள் கண்டது: மச்சு பிச்சுவைக் கட்ட ஆன உழைப்பில் சுமார் 60 சதவீதம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அஸ்திவாரமும் வடிகாலும். கண்ணுக்குத் தெரிகிற கோயிலும் வீடும் மிச்சம்தான். ஒவ்வொரு தட்டிலும் அடியில் பெரிய கல், அதன் மேல் சரளை, அதன் மேல் மணல் கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேலே விளைமண். மழை உள்ளே இறங்கி வடிந்துவிடும், சுவரைத் தள்ளாது. நடுவில் பச்சைப் பசேலென்று தெரிகிற திடலைத் தோண்டிப் பார்த்தபோது அடியில் கல் செதுக்கிய சில்லுகளைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். சுவர்களில் மட்டும் 129 வடிகால் துளைகளை எண்ணியிருக்கிறார்கள். குடிநீர் தனி. மலைச்சரிவில் இருக்கும் ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் வாய்க்கால், நிமிடத்துக்கு 300 லிட்டர் வரை கொண்டுவரக் கூடியது. அது ஊருக்குள் வந்து படிப்படியாக 16 நீரூற்றுகளாக இறங்குகிறது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் தாரையாக விழும்படி கல்லில் மூக்கு செதுக்கியிருக்கிறார்கள். அதன் அடியில் குடத்தைப் பிடித்து நிரப்பிக்கொள்ளலாம்.

“முதல் ஊத்து எந்தத் தெருவுல?”

“அரசர் தங்குற வீட்டுப் பக்கத்துல, அப்பா.”

“தலைமடை ராசாவுக்கு” என்று தலையை ஆட்டினார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. பதினாறாவது ஊற்று எங்கே இருக்கும் என்று கையால் நெற்றியில் வெயிலை மறைத்துக்கொண்டு தேடினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

இந்த ஊரை அரசர் பச்சகூத்தியின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். ஸ்பானியர்கள் வந்து நூறு வருடம் ஆவதற்குள் காலியாகிவிட்டது. அமெரிக்க ஆய்வுப் பயணி ஹிராம் பிங்கம் 1911 ஜூலை 24 அன்று ‘கண்டுபிடித்தார்’ என்று என் மகளின் பாடத்தில் இருந்தது. அவர் ஏறி வந்தபோது இதே தட்டுகளில் விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. மெல்சோர் அர்தியாகா என்ற உள்ளூர் விவசாயிதான் அவரை அழைத்துவந்தார். குஸ்கோக்காரரான அகுஸ்தின் லிசாராகா 1902லேயே இங்கே வந்து சுவரில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதிவைத்திருந்ததைப் பிங்கமே பார்த்தார். மகள் ஊர் திரும்பியதும் தன் கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டு, ‘உலகத்துக்குச் சொன்னார்’ என்று மாற்றினாள். அவளாகவே செய்தது, நான் சொல்லவில்லை.

குஸ்கோவில் மூன்று நாள் இருந்தோம். கோரிகாஞ்சா, அதாவது சூரியன் கோயில். அதன் சுவரில் இருந்த தங்கத் தகடுகளை, தாங்கள் சிறைபிடித்த இன்கா அரசர் அதவால்பாவின் மீட்புப் பணத்துக்காக ஸ்பானியர்கள் பெயர்த்து எடுத்துக்கொண்டு, அப்புறம் கோயிலின் மேலேயே சாந்தோ டொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே மாதம் பெரிய நிலநடுக்கம் வந்தது. மேலே கட்டியது நிறைய இடிந்தது. உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள் அசையாமல் வெளியே தெரிந்தன. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை, கல்லோடு கல் பொருத்தம்தான். சுவர்கள் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும், கதவும் மாடமும் மேலே குறுகி இருக்கும். நில அதிர்வைத் தாங்குவதற்கு அந்தச் சாய்வு உதவுகிறது. நான் அந்தச் சுவரின் முன்னால் நின்ற அளவு நேரம் வேறெங்கும் நிற்கவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் கோடு பென்சிலால் போட்டது மாதிரி இருக்கிறது.

நகருக்கு மேலே சக்ஸாய்வாமான். சுமார் 3,700 மீட்டர். அம்மா பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார், என் கணவர் கைத்தாங்கலாகவே அழைத்துப் போனார். வளைந்து வளைந்து போகும் மூன்று அடுக்குச் சுவரில் சில கற்கள் 100 டன்னுக்கு மேல். இங்கே 20,000 பேர் வேலை செய்தார்கள் என்று 16ஆம் நூற்றாண்டில் சியேசா தெ லியோன் என்ற ஸ்பானிய வரலாற்று எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார், முறை வைத்து ஊர் ஊராக வந்து போனார்களாம். இந்த முறை உழைப்புக்கு ‘மித்தா’ என்று பெயர். “குடிமராமத்து மாதிரி” என்றார் அப்பா. அளவு வேறு, கட்டாயமும் கூடுதல். ஆனால் அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது.

ஊர் திரும்ப ஒரு நாள் இருக்கும்போது திபோன் போனோம்.

இது எங்கள் திட்டத்திலேயே இல்லை. மச்சு பிச்சுவில் நீரூற்றைப் பார்க்க முடியாமல் போனது எனக்கு ஆறவில்லை. பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற இடம் வேறு ஏதாவது உண்டா என்று விடுதிக்காரப் பெண்ணிடம் கேட்டேன். “திபோன்” என்று யோசிக்காமலே சொன்னார். குஸ்கோவிலிருந்து தென்கிழக்கே 25 கிலோமீட்டர் அளவில். சக்ஸாய்வாமானுக்கும் ஒயாந்தாய்தாம்போவுக்கும் வாங்கிய அதே சுற்றுலா அட்டையில் இதுவும் அடக்கம். நெடுஞ்சாலையில் திபோன் ஊர் முழுக்கக் கினிப்பன்றியை அடுப்பில் சுட்டு விற்கும் கடைகள், அதற்குத்தான் அந்த ஊர் பெயர் பெற்றது. அங்கிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறினால் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் மாதிரியான பள்ளம்.

அதில் பதின்மூன்று தட்டுகள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் வைத்த, அகலமான, சமமான நிலம். எங்களைத் தவிர அன்று காலையில் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். விசில் ஊதும் காவலர் இல்லை, வரிசை இல்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் கேட்டது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அப்பா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சத்தம் வந்த பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மேல் தட்டுகளில் ஒன்றில் மலைக்கு அடியிலிருந்து ஊற்று வருகிறது. கல்லால் கட்டிய தொட்டியில் நான்கு தாரைகளாக விழுகிறது. நான்கும் ஒரே பருமன். எது கூட, எது குறைய என்று சொல்ல முடியாது. அப்பா முதல் தாரையிலிருந்து நான்காவது வரை போய்ப் போய் வந்து பார்த்தார். பிறகு அதன் மேல் பக்கம் ஏறி, தண்ணீர் பிரிகிற இடத்தில் கல்லை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தார். “நாங்க ஷட்டர் வச்சுப் பிரிக்கிறதை இவன் கல்லை வச்சே பிரிச்சிருக்கான். யாரும் வந்து தெறக்க வேணாம், மூட வேணாம். சண்டையே வராது.” அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் 31 வருடம் இருந்தது.

வாய்க்காலோடு இறங்கினோம். ஒவ்வொரு தட்டின் சுவரிலும் தண்ணீர் கீழே இறங்குவதற்குச் செங்குத்தான ஒரு பள்ளம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து விழும் தண்ணீர் சுவரை நனைக்காமல் அந்தப் பள்ளத்தோடு இறங்கி, அடியில் கல் பாவிய இடத்தில் விழுந்து, வேகம் அடங்கி அடுத்த வாய்க்காலுக்குள் போகிறது. தட்டிலிருந்து தட்டுக்கு ஆட்கள் இறங்குவதற்குச் சுவரிலேயே நீட்டி வைத்த கற்கள் படிகளாக இருக்கின்றன. என் மகன் அவற்றில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். அம்மா புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து, அவித்த உருளைக்கிழங்கைப் பொடி தொட்டு எல்லோருக்கும் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம்தான் முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

நடுத் தட்டில் ஒருவர் மண்வெட்டியால் வாய்க்காலில் இருந்த புல்லை வழித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். அங்கே பராமரிப்பு வேலை செய்பவர். அப்பா அவர் பக்கத்தில் போய் நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா தண்ணீரைக் காட்டி, “தண்ணி” என்றார். அவர் சிரித்துவிட்டு, “ஆகுவா” என்றார். அது ஸ்பானிய மொழி. கொஞ்சம் நிறுத்தி, நெஞ்சில் கையை வைத்து, “உனு” என்றார். அது அவர்களுடைய கெச்சுவா. அப்பா “உனு” என்று திருப்பிச் சொன்னார். அவர் “தன்னி” என்றார். அப்புறம் அப்பா மண்வெட்டியை வாங்கி, புல்லை எந்தப் பக்கம் வழித்துப் போட்டால் திரும்ப உள்ளே விழாது என்று செய்து காட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டி, அதே வேலையைத் தன் வழியில் செய்து காட்டினார். அப்பா சரியென்று ஒத்துக்கொண்டார். கையில் இருந்த காய்ப்பை இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதை என் மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

‘கவருமெண்டா, ஊர்க்காரங்களா’ என்ற கேள்விக்கு அப்பாவுக்கு விடை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. ஆள் இருக்கிறார் என்பதை அவர் பார்த்துவிட்டார்.

கிளம்பும் நேரம் ஆனது. ஓட்டுநர் மேலே காத்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் காணவில்லை. தட்டுகளின் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். நீட்டிய கற்படிகளில் பக்கவாட்டாக, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒன்றொன்றாக இறங்கிக்கொண்டிருந்தார். 68 வயது, 3,400 மீட்டர் உயரம். கூப்பிட வாயெடுத்த என்னை அம்மா தடுத்தார். “விடு. அவரு பார்த்துட்டுத்தான் வருவாரு.”

கடைசித் தட்டில் அவர் தொப்பி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஒரு பக்கச் சுவரோரம் நடந்து போனது, நின்றது, குனிந்தது. பிறகு குறுக்கே போய் மறு பக்கம் நின்றது. திரும்பி ஏறி வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும் என் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக் குடித்தார். மூச்சு அடங்குவதற்குக் காத்திருந்தேன்.

“ஒரு பக்கம் நல்லாப் போகுது. அந்தாண்ட மூலையில புல்லு அடைச்சுக் கெடக்கு, தண்ணி தேங்குது. அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன், இரு.”

நடுத் தட்டைப் பார்த்துத் திரும்பவும் இறங்கினார். என் மகனும் பின்னாலேயே ஓடினான். மூன்று பேரும் கடைசித் தட்டைப் பார்க்கப் போனார்கள், மண்வெட்டி அப்பா தோளில் இருந்தது.